நான் ஒண்ணும் தொடவே இல்லை

கம்ப்யூட்டர் ரிப்பேர் தொழிலில் இதுவரை எந்த வாடிக்கையாளரும் எதையும் தொட்டதாகச் சரித்திரம் கிடையாது. எல்லாம் தானாகவே ஆகிவிடும்.

பம்பாய் செம்பூரில் இருந்துகொண்டு, பையைத் தூக்கித் தோளில் போட்டு, வீடு வீடாகப் போய் கம்ப்யூட்டர், பிரின்டர், போன் எல்லாம் சரிசெய்து கொடுப்பது என் பிழைப்பு. நடுநடுவே சின்ன ஆபீஸ்களுக்கு வெப்சைட்டும் எழுதிக் கொடுப்பேன். இருபது வருடமாகிறது. உங்கள் வீட்டிலும் யாராவது ஒரு பேச்சுக்கு "இவளுக்கு கம்ப்யூட்டர் தெரியும்" என்று சொல்லி, அன்றிலிருந்து சித்தப்பா, பெரியம்மா, எதிர்வீட்டுக்காரர் எல்லோருடைய போனும் உங்கள் மடியில் வந்து விழுகிறதென்றால் நீங்களும் என் கட்சிதான். உட்காருங்கள். போன ஜூன் மாதம் ஒரே வாரத்தில் பட்டதைச் சொல்கிறேன்.

தலைகீழ்

வெங்கட்ராமன் மாமா மாதுங்காவில் இருக்கிறார். பாங்க் மேனேஜராக இருந்து ரிடையர் ஆனவர். ஞாயிற்றுக்கிழமை காலை போன் செய்தார். கம்ப்யூட்டர் ஸ்க்ரீன் தலைகீழாக நின்றுவிட்டதாம். அவர் ஒன்றும் தொடவில்லையாம். நாலு கேள்வி கேட்ட பிறகு, கீபோர்டை ஈரத்துணியால் துடைத்தது மட்டும் உண்டு என்று ஒப்புக்கொண்டார். அவருடைய பழைய கம்ப்யூட்டரில் குறிப்பிட்ட மூன்று கீகள் ஒன்றாக அமுங்கினால் படம் அப்படியே புரண்டுவிடும்.

நான் போய்ச் சேர்வதற்குள் மாமா தானே ஒரு வழி பண்ணியிருந்தார். மானிட்டரையே தலைகீழாகக் கவிழ்த்து, இரண்டு பக்கமும் டிக்‌ஷனரியை முட்டுக் கொடுத்து, ஸ்டாண்டு உத்தரத்தைப் பார்க்க, நிம்மதியாக நியூஸ் படித்துக்கொண்டிருந்தார். நான் அந்த மூன்று கீகளை அழுத்தினேன். படம் நேரானது. ஆனால் மானிட்டர் இன்னும் தலைகீழாகத்தானே நிற்கிறது? மாமா கண்ணாடியைக் கழற்றி என்னையும் ஸ்க்ரீனையும் மாறி மாறிப் பார்த்தார். "சரியாத்தானே இருந்தது. இப்போ நீ என்னத்தைத் தொட்டே?"

புள்ளி

இது அதற்குப் பத்து நாள் முந்தியது. ஆனால் இதைச் சொல்லாவிட்டால் மற்றது புரியாது.

செம்பூரில் ஒரு நர்சிங் பயிற்சிப் பள்ளி. அவர்களுடைய அட்மிஷன் ஃபார்மை வெப்சைட்டில் எழுதிக் கொடுத்தவள் நான். அங்கே ஆபீஸ் வேலை மொத்தமும் ஸ்வாதி தாயி என்ற மராத்திப் பெண்மணியின் கையில். தாயி என்றால் அக்கா. அவருக்கு ஒரு குறை. போன வருட லிஸ்டில் கடைசிப் பெயர் போட வேண்டிய கட்டத்தில் நிறையப் பேர் வெறும் புள்ளியை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். "சர்நேம் இல்லாமலா பிறந்தார்கள்?" என்று என்னைக் கேட்டார். சோம்பேறித்தனம், வேறென்ன என்றேன் நானும்.

ரெண்டு நிமிஷ வேலை. கடைசிப் பெயரில் குறைந்தது இரண்டு எழுத்து இருக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தேன். புள்ளி வைத்துப் பார்த்தேன், சிவப்பு வந்தது. ஜெயந்தி வைத்யநாதன் என்று என் பெயரைப் போட்டேன், பச்சை வந்தது. சோதனை முடிந்தது. எந்தக் கட்டத்தில் என்ன தப்பு என்று தனித்தனியாக எழுதுவதற்கு எனக்கு அலுப்பு. எல்லாத் தப்புக்கும் சேர்த்து, 'விவரங்களைச் சரிபார்க்கவும்' என்று ஆங்கிலத்தில் ஒரே சிவப்பு வரிதான் வைத்திருந்தேன். வெப்சைட் எழுதுகிறவர்கள் இங்கே சிரிக்க வேண்டாம், நீங்களும் செய்வதுதான். இனி ஒரு புள்ளிகூட உள்ளே வராது என்பதில் ஸ்வாதி தாயிக்கு அவ்வளவு சந்தோஷம். "அப் தேக்னா மேடம், ஏக் பி டாட் நஹி ஆயேகா."

ஊசி

திங்கட்கிழமை காலை பேச்சியம்மாளின் போன். தாராவியில் ஸ்கூல் பை தைக்கிற பட்டறையில் வேலை பார்ப்பவர். இரண்டு வருடம் முன்னால் நல்ல மழையில் என் லேப்டாப் பையின் ஜிப் பல்லிளித்துவிட, வழியில் கண்ணில் பட்ட பட்டறையில் ஏறினேன். "நான் ஒண்ணும் பண்ணலை, தானா விட்டுடுத்து" என்று நானே சொன்னேன். பேச்சியம்மாள் மறு கேள்வி கேட்கவில்லை. பையை மடியில் வாங்கி, ஜிப்பை ஒரு தரம் பார்த்து, ரன்னரைக் கழற்றி மாட்டிக் கொடுத்தார். காசும் வாங்கவில்லை. கம்ப்யூட்டர் வேலை ஏதாவது இருந்தால் கூப்பிடுங்கள் என்று நம்பர் கொடுத்துவிட்டு வந்திருந்தேன்.

இப்போது வேலை வந்துவிட்டது. மகள் முத்துச்செல்வி அதே செம்பூர் நர்சிங் பள்ளிக்கு அப்ளிகேஷன் போடுகிறாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி கடைசி. எத்தனை தடவை அனுப்பினாலும் சிவப்பாக ஏதோ வந்து நின்றுவிடுகிறதாம். போன வருடம் ஊரிலிருந்து சர்டிபிகேட் வர நாளாகி, தேதி தவறிவிட்டது. இந்த வருடமும் தவறினால் மகளும் பட்டறையில் தைக்க உட்கார வேண்டியதுதான் என்று வீட்டில் பேசி முடித்துவிட்டார்கள்.

நான் எழுதிய ஃபார்ம், சோதித்துப் பார்த்த ஃபார்ம். அதில் எப்படித் தப்பு வரும்? ப்ரவுசரில் கேஷ் என்று ஒன்று இருக்கும், பழசையெல்லாம் சேர்த்து வைத்திருக்கும், அதை அழித்துவிட்டு மறுபடியும் அனுப்புங்கள் என்றேன். காரணம் தெரியாதபோது நாங்கள் எழுதிக் கொடுக்கிற மருந்து அதுதான், டாக்டர்கள் வைரல் ஃபீவர் என்று சொல்லிவிடுவது மாதிரி. போனை வைப்பதற்கு முன்னால் பேச்சியம்மாள் சொன்னார்: "அவளும் ஊசிதான் பிடிக்கப் போறாக்கா. ஆனா எங்க ஊசி வேண்டாம், அந்த ஊசி பிடிக்கட்டும்."

பல்லி

செவ்வாய்க்கிழமை சான்பாடா. ராஜி வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்க்கிறவள். தினமும் காலை பத்து மணிக்கு மேல் இன்டர்நெட் செத்துவிடுகிறது. கம்பெனிக்காரர்கள் ரௌட்டரை இரண்டு முறை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். நானும் ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன். அது ஹால் அலமாரியின் மேல் தட்டில் கவிழ்த்து வைத்த ஒரு பெரிய எவர்சில்வர் பாத்திரத்துக்குள் போய் மறைந்தது. தூக்கினால் உள்ளே ரௌட்டர், பாவம், விளக்கெல்லாம் எரிந்துகொண்டு உட்கார்ந்திருந்தது.

ராஜியின் மாமியார் தினமும் குளித்துவிட்டு வந்து அதை மூடுவாராம். மேலே பல்லி ஓடுகிறது, ரௌட்டர் சூட்டில் விழுந்து செத்துவிடும் என்ற ஜீவகாருண்யம். சிக்னல் இரும்பைத் தாண்டி வெளியே வராது என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "சரிம்மா, இனிமே மூடலை. பல்லி விழுந்தா நீ சான்பாடா வந்து எடுத்துப் போடணும், சொல்லிட்டேன்."

சின்ன ஃபோட்டோ

திரும்பி வரும்போது ரயில் வாஷி பாலத்தில் ஏறுகிற நேரம், மறுபடி பேச்சியம்மாள். கேஷ் அழித்தாயிற்று, இன்னும் சிவப்புதான். சத்தத்தில் பாதி கேட்கவில்லை. ஃபோட்டோ பெரிசாக இருந்தாலும் ஃபார்ம் போகாது, சின்ன ஃபோட்டோவாகப் போடச் சொல்லுங்கோ என்று கத்தினேன். பெட்டியில் இருந்தவர்களெல்லாம் என்னையே பார்த்தார்கள். பேச்சியம்மாளிடம் அதற்கும் வழி இருந்தது. "ஒண்ணாங்கிளாஸ் படிக்கையில எடுத்தது இருக்குக்கா. அதப் போட்டா சேத்துக்கிடுவாங்களா?"

ஊர்ப் பெயர்

புதன்கிழமை டோம்பிவிலி வரை லோக்கல் ரயிலில் நின்றுகொண்டே போனேன். சுவாமிநாதன் சாருக்கு ஈமெயில் பாஸ்வேர்ட் மறந்துவிட்டது. புது பாஸ்வேர்ட் வேண்டுமென்றால், உங்கள் அம்மா பிறந்த ஊர் எது என்று கேட்கிறது. பாலக்காடு என்று அடித்திருக்கிறார். இல்லை என்கிறது. ஒரு எழுத்தைக் கூட்டி, ஒரு எழுத்தைக் குறைத்து, பெரிய எழுத்தில், சின்ன எழுத்தில் எல்லாம் அடித்துப் பார்த்தாயிற்று. இன்னும் ஒரு தடவை தப்பினால் ஒரேயடியாகப் பூட்டிக்கொள்ளும். தன் அம்மா பிறந்த ஊரைப் பற்றி ஒரு மெஷின் தன்னிடம் வாதம் பண்ணுகிறதே என்று அவர் முகமெல்லாம் சிவந்திருந்தது.

அக்கவுண்ட் திறந்து எத்தனை வருடமாச்சு என்று கேட்டேன். இருபது என்றார். அப்போது வீட்டில் அந்த ஊரை எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டேன். "பால்காட்" என்று சொல்லிவிட்டு அவரே வாயை மூடிக்கொண்டார். பால்காட் என்று ஆங்கிலத்தில் அடித்ததும் திறந்துகொண்டது. எழுதினது எழுதினபடி இருந்தால்தான் மெஷினுக்குத் தெரியும் சார், பெயர் விஷயத்தில் ஒரு எழுத்து முக்கியம் என்று கெத்தாக ஒரு பாடமும் எடுத்தேன். அதை மட்டும் தயவுசெய்து மறக்காதீர்கள், எனக்கே திரும்பி வரப் போகிறது. சுவாமிநாதன் சாருக்குக் கோபம் தணியவில்லை. "ஊர் பேரை மாத்தறவா எங்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

என்ன தப்பு

வியாழக்கிழமை நாலாவது போன். நடுவில் ஒருமுறை பேசியதில், வேறு ப்ரவுசரில் பாருங்கள், வேறு போனில் பாருங்கள் என்று சொல்லியிருந்தேன். பக்கத்து வீட்டுப் போன், நெட் கடை என்று எல்லா இடத்திலும் பார்த்துவிட்டார்கள். எல்லா இடத்திலும் அதே சிவப்பு. எனக்கு அன்று கை நிறைய வேலை. குரல் கொஞ்சம் ஏறிவிட்டது. "பேச்சியம்மா, ஃபார்ம்ல தப்பே இருக்காது. அதை எழுதினது நான். நீங்கோதான் எதையோ தப்பாத் தொட்டிருக்கேள்" என்றேன். தையல் மெஷின் சத்தத்துக்கு நடுவே அவர் கோபமே இல்லாமல் சொன்னார்: "அப்பிடித்தான் இருக்கும்க்கா. என்ன தப்பு செஞ்சோம்னு மட்டும் சொல்லுங்க, திருத்திக்கிடுதோம்."

ஓர் எழுத்து

அந்த வார்த்தை வெள்ளிக்கிழமை மத்தியானம் வரை என்னைச் சாப்பிடவிடவில்லை. ஜிப் போன அன்று அவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாரா? பார்த்தார், சரிசெய்தார். நான் நாலு நாளாக வந்து பார்க்காமல் வாயாலேயே வைத்தியம் பண்ணிக்கொண்டிருக்கிறேன். கிங்ஸ் சர்க்கிளில் ஒரு வீட்டு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு தாராவிக்கு நடந்தேன். பட்டறையின் இரும்பு ஏணியில் ஏறும்போது மணி நாலு.

தைக்காத நீலப் பைத்துணி அடுக்கின் மேல் முத்துச்செல்வி போனோடு உட்கார்ந்திருந்தாள். நான் பார்க்கப் பார்க்க எல்லாக் கட்டத்தையும் மறுபடி நிரப்பினாள். முதல் பெயர், முத்துச்செல்வி. கடைசிப் பெயர் என்ற கட்டத்தில் ஆங்கில 'பி' ஒன்றை மட்டும் அடித்துவிட்டு அடுத்ததற்குப் போனாள். கடைசியில் அனுப்பினாள். சிவப்பு.

அந்த 'பி' என்ன என்று கேட்டேன். அப்பா பெயர் பெருமாள், அதன் இனிஷியல். முழுசாகப் போடேன் என்றேன். பன்னிரண்டாவது வரை சங்கரன்கோவில் பக்கம் பெரியம்மா வீட்டில் இருந்து படித்த பெண். எல்லாச் சர்டிபிகேட்டிலும் முத்துச்செல்வி பி என்றுதான் இருக்கிறது. மாற்றிப் போட்டால் சரிபார்க்கும்போது பெயர் ஒத்துவராது. அவர்கள் இருக்கிற சால் குடியிருப்பில் தேவி என்ற பெண்ணை வேறொரு கோர்ஸில் அப்படித்தான் திருப்பி அனுப்பினார்கள்.

கடைசிப் பெயரில் குறைந்தது இரண்டு எழுத்து என்று நான் எழுதிய வரிதான் அவளை நிறுத்துகிறது. என் அப்பா என்னை மாதுங்காவில் பள்ளியில் சேர்த்த அன்றே, பம்பாய் வழக்கப்படி தன் பெயரை முழுசாக என் பெயருக்குப் பின்னால் எழுதிவிட்டார். வைத்யநாதன் எனக்குச் சர்நேம். மாதுங்காவிலிருந்து தாராவிக்கு நடந்தே வந்துவிடலாம். ஆனால் இங்கே அப்பாவின் பெயர் ஒரே எழுத்து. இனிஷியல் என்ற ஒன்று இருப்பது எனக்குத் தெரியாதா? நானும் தமிழச்சிதானே? தெரியும். அந்த ஒரு வரியை எழுதும்போது மட்டும் தெரியவில்லை. போன வருடம் புள்ளி வைத்துவிட்டுப் போனவர்களில் பாதிப் பேரும் இப்படிச் சர்நேம் இல்லாதவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். அவர்களைச் சோம்பேறி என்றேன். நான் அந்தக் கட்டத்தையே முறைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து முத்துச்செல்விக்குப் பயம் வந்துவிட்டது. "என் பேர்ல தப்பு இருக்காக்கா?"

இரண்டு ஒன்றானது

உன் பேரில் ஒரு தப்பும் இல்லை கண்ணே என்று சொல்லிக்கொண்டே பைத்துணி அடுக்கின் மேல் லேப்டாப்பைத் திறந்தேன். ஒரே ஒரு வரி. இரண்டு என்று இருந்ததை ஒன்று என்று மாற்றினேன். அதை ஏற்றுவதற்குப் பட்டறைக்குள் சிக்னல் இல்லை. லேப்டாப்பைக் குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு ஏணியின் பாதிப்படியில் நின்றேன். கீழே போகிறவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். ஏறிவிட்டது. மணி நாலு முப்பத்தைந்து.

முத்துச்செல்வி மறுபடி அனுப்பினாள். மறுபடி சிவப்பு. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, பிறகு ஏன்? ஐந்து மணிக்கு ஃபார்ம் தானாகப் பூட்டிக்கொள்ளும், அந்தப் பூட்டை எழுதினதும் நான்தான். திடீரென்று உறைத்தது. அவள் போன் இன்னும் பழைய ஃபார்மையே பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறது. கேஷ்! நாலு நாளாக நான் வேண்டாத இடத்தில் கொடுத்த மருந்து இப்போதுதான் வேண்டும். கேஷ் அழித்தாயா என்று கேட்டேன். முத்துச்செல்வி நாக்கைக் கடித்துக்கொண்டாள். "நாலு நாளா அழிச்சு அழிச்சு வெறுத்துப்போச்சுக்கா. இன்னைக்கு மட்டும் அழிக்கல."

மறுபடியும் புள்ளி

அழித்தாள். அனுப்பினாள். பச்சை. நாலு நாற்பத்தொன்றுக்கு அப்ளிகேஷன் நம்பர் எஸ்எம்எஸ்ஸில் வந்தது. அவள் அதை இரண்டு தடவை சத்தமாகப் படித்தாள். நான் அப்பாடா என்று அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பேச்சியம்மாள் மெஷினை நிறுத்திவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் எனக்கு மற்ற இனிஷியல்கள் ஞாபகம் வந்தது. இதே வாரம் இன்னும் எத்தனை பேர் எந்தெந்த ஏணியில் சிவப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்களோ! ஸ்வாதி தாயிக்கு போன் போட்டு, தப்பு என்னுடையது என்று ஒளிக்காமல் சொன்னேன். அவர் பள்ளிப் பிரின்சிபாலிடம் பேசி, ஃபார்மை மறுநாள் சாயங்காலம் வரை திறந்து வைக்க அனுமதி வாங்கிக் கொடுத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். புள்ளியே தேவலையாக இருந்தது என்று இந்தியில் ஒரு பெருமூச்சோடு விட்டுவிட்டார். "டாட் ஹீ அச்சா தா, மேடம்."

யார் தொட்டது

நீங்கள் கவலையோடு படித்துக்கொண்டிருக்க வேண்டாம், முத்துச்செல்விக்கு இடம் கிடைத்துவிட்டது. ஜூலையில் பேச்சியம்மாளே போனில் சொன்னார். இப்போது அவள் தினமும் வெள்ளைச் சீருடையில் செம்பூருக்குப் போய் வருகிறாள். சொல்ல வந்தது அந்த வெள்ளிக்கிழமை நான் கிளம்பும்போது நடந்தது.

பேச்சியம்மாள் டீ வரவழைத்திருந்தார். நான் டம்ளரைக் கீழே வைத்தேன். ரெண்டு வாரம் முன்னால் நான்தான் அந்த ஃபார்மில் கை வைத்தேன், நேற்று உங்களைத் தப்பு சொன்னேன், தப்பு முழுக்க என்னுடையது, மன்னிச்சுக்கோங்கோ என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். இதை இருபது வருடத்தில் ஒரு வாடிக்கையாளரிடமும் சொன்னதில்லை. அவர் என் பையை எடுத்து, ஜிப்பை ஒருமுறை இழுத்துப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று தெரிந்ததும் என் தோளில் மாட்டிவிட்டார். "சும்மா இருங்கக்கா. மெஷின்னா அப்பிடித்தான் பண்ணும். நீங்க ஒண்ணும் தொட்டிருக்க மாட்டிய."

எதுவும் தானாக ஆகாது என்று இருபது வருடமாக ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த நான், அன்று வீட்டுக்குப் போனதும் ஃபார்மில் என்ன கோளாறு என்று கேட்ட என் வீட்டுக்காரரிடம், "என்னமோ, தானா ஆயிடுத்து" என்றுதான் சொன்னேன்.